பிரபுவுக்குப் பேச்சு வரவில்லை

லண்டன், 1827. கிறிஸ்டியன் லாங்லண்ட் ஒரு டியூக். பணம், பரம்பரை, அழகு, அடாவடி எல்லாம் அவனிடம் உண்டு. அத்தோடு முதல்தரமான கணித மூளையும் உண்டு. கண்பார்வை இல்லாத முதிய கணித அறிஞர் ஒருவரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான். அடுத்தவன் மனைவியோடு பழகிய வினை அவனை ஒரு விடியற்காலையில் துப்பாக்கிச் சவாலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த இடத்தில் பக்கவாதம் அவனைச் சாய்த்துவிடுகிறது.

மாதங்கள் ஓடுகின்றன. அந்தக் கணித அறிஞரின் மகள் மேடி, உறவுக்காரர் நடத்தும் மனநோய் விடுதிக்கு ஒத்தாசையாகப் போகிறாள். ஓர் அறையில் மூர்க்கன் என்று சங்கிலி போட்டு வைத்திருக்கும் ஆளைப் பார்த்தால், அது அவன். வாயைத் திறந்தால் உறுமல்தான் வருகிறது. குடும்பமும் மருத்துவரும் அவனுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் லாரா கின்சேல் எழுதி 1992ல் வெளியான ‘ஃப்ளவர்ஸ் ஃப்ரம் தி ஸ்டார்ம்’ நாவல் இப்படித்தான் சூடு பிடிக்கிறது. எழுத வருவதற்கு முன் கின்சேல் நிலவியலாளராக வேலை பார்த்தவர். ஆங்கிலச் சரித்திரக் காதல் நாவல்களில் சிறந்தவை எவை என்று வாசகர்களிடம் கேட்கும்போதெல்லாம் இந்தப் புத்தகம் மேல்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதியில் மூடி வைத்தவர்களும் இதற்குக் கணிசம். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் இரு தரப்பும் ஓயவில்லை.

இந்த வகை நாவலுக்கு எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. என்ன துன்பம் வந்தாலும் கடைசிப் பக்கத்தில் நாயகனும் நாயகியும் சேர்ந்திருக்க வேண்டும். நம்மூர்ப் பழைய படங்களின் கடைசியில் ‘சுபம்’ என்று போடுவார்களே, அதே உத்தரவாதம். கதையில் பார்வையற்றவர், கால் இழந்தவர், காது கேளாதவர், பேச்சு தடைப்பட்டவர் வந்துவிட்டால், அந்தச் சுபத்துக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி எழுகிறது. குணமாவதா? கல்யாணமா? இருக்கிறபடியே ஒருவர் மதிக்கப்படுவதா? வாசகர்களின் சண்டையைக் கிளறிப் பார்த்தால் அடியில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

உள்ளே அறிவு, வெளியே உறுமல்

கிறிஸ்டியனுக்கு வந்ததை இன்றைய மருத்துவம் அஃபேசியா என்கிறது. பக்கவாதத்தில் மூளையின் மொழிப் பகுதி அடிபட்டால், அறிவு இருக்கும், நினைவு இருக்கும், கோபம் இருக்கும். சொல் மட்டும் கைக்கு வராது. கேட்கிற பேச்சும் சிதறி விழலாம். பேச்சுக்கும் மூளையின் முன்பகுதிக்கும் தொடர்பு உண்டு என்று பாரிஸ் மருத்துவர் பூயோ 1825ல் வாதாடியபோது பலர் ஏற்கவில்லை. ‘டான்’ என்ற ஒரே அசையை மட்டும் சொல்ல முடிந்த நோயாளி இறந்தபின், அவர் மூளையைப் பரிசோதித்து அந்த இடத்தைப் பால் ப்ரோகா காட்டியது 1861ல். ஆகவே 1827ல் ஒரு டியூக்கைப் பைத்தியம் என்று கட்டிப்போட்டிருப்பது கதைக்காகச் செய்த மிகை அல்ல.

கின்சேல் இதை வெளியிலிருந்து வர்ணிக்கவில்லை. கிறிஸ்டியனின் காது வழியாகவே வாசகரைக் கேட்க வைக்கிறார். எதிரே இருப்பவர் பேசுவது பக்கத்தில் எழுத்து எழுத்தாய் உடைந்து கிடக்கும். தமிழில் செய்து பார்த்தால் இப்படி இருக்கும்: “தண்ணீர் வேண்டுமா?” என்று ஒருத்தி கேட்கிறாள். அவன் காதில் விழுவது, “தண் நிவே டுமா.” அவன் வேண்டும் என்று சொல்லப் போகிறான், வாயில் வருவது “இல்லை.” அவள் குவளையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவன் மேசையைத் தட்டுகிறான். “பார், மூர்க்கம் ஏறுகிறது” என்கிறான் காவலாள்.

வாசகர்கள் அதிகம் பாராட்டுவது இந்தப் பகுதிகளைத்தான். வாய்விட்டுப் படித்தால்தான் சில வரிகள் பிடிபடும். வீட்டில் பக்கவாதம் கண்ட ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பக்கங்கள் தெரிந்த முகமாக இருக்கும். அதே பக்கங்களைப் பற்றி எரிச்சலும் உண்டு. காதல் கதை படிக்க வந்தவரிடம் புதிர் கொடுப்பதா என்று ஒரு தரப்பு கேட்கிறது. வாசகருக்கு அந்தத் திணறல் கொஞ்சமாவது உறைக்கட்டும் என்பதற்காகத்தானே அப்படி எழுதியிருக்கிறார் என்று மறு தரப்பு பதில் சொல்கிறது.

விடுதியும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. மேடி குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவள். மனநோயாளிகளைச் சங்கிலியிலும் சவுக்கிலும் வைத்திருந்த காலத்தில், கனிவும் ஒழுங்கும் போதும் என்று யார்க் நகரில் வில்லியம் ட்யூக் என்ற குவேக்கர் வணிகர் 1796ல் ஓர் இல்லம் திறந்தார். அந்தச் சீர்திருத்தப் பெருமையும் அதற்குள் ஒளிந்திருந்த அதட்டலும் இரண்டுமே நாவலில் உண்டு.

நாவலில் கிறிஸ்டியனைச் சொத்துக்காக உறவினர்கள் மனநிலை விசாரணைக்கு இழுப்பதும் அன்று நிஜத்தில் நடந்த கதைதான். போர்ட்ஸ்மத் பிரபு என்பவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று அறிவிக்கக் கோரி உறவினர்கள் தொடுத்த வழக்கு 1823ல் லண்டனையே ஆட்டியது. 1809 முதலே அவருக்குப் புத்தி சரியில்லை என்று நடுவர் குழு முடிவு செய்தது. அதனால் 1814ல் நடந்த அவருடைய திருமணமும் பின்னாளில் செல்லாமல் போயிற்று. அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் கவிஞர் பைரன்!

யார் கை ஓங்கியிருக்கிறது?

நாவலின் நாயகி மேடிதான் வாசகர்களை இரண்டாகப் பிளப்பவள். அவன் பைத்தியம் இல்லை என்று முதலில் கண்டுகொள்பவள் அவள். அவன் எழுதிக் காட்டும் கணிதம் அதற்குச் சாட்சி. குடும்பத்தின் பிடியிலிருந்து அவனைக் காப்பதற்காகத் திருமணமும் செய்துகொள்கிறாள். ஆனால் வேற்றுச் சமயத்தானை மணந்தது பாவமோ என்று கடைசிவரை ஊசலாடுகிறாள். “எத்தனை தரம்தான் மனசு மாறுவாள்?” என்பது நிரந்தரமான புகார். தன் சபை, தன் நம்பிக்கை, தன் ஊர் எல்லாவற்றையும் விட்டு வரச் சொன்னால் யாருக்குத்தான் ஊசலாட்டம் வராது என்று அவளுக்காகப் பேசுகிறவர்களும் அதே அளவு.

இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. விடுதியில் அவன் நோயாளி, அவள் பராமரிப்பவள். சாவி அவள் கையில். வெளியே வந்ததும் அவன் டியூக், அவள் ஏழை. சட்டம், பணம், படுக்கையறை எல்லாம் அவன் கையில். பராமரிப்பவருக்கும் பராமரிக்கப்படுபவருக்கும் நடுவே வரும் காதலில் யார் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? கையாலாகாத நிலையில் இருந்தவன் என்பதற்காக, பிறகு அவன் சொல்லும் பொய்களையும் செய்யும் கட்டாயங்களையும் மன்னித்துவிடலாமா? மன்னிக்காத வாசகர்கள் உண்டு. மாற்றுத்திறனாளி என்றால் தியாகியாகவோ குழந்தையாகவோதான் இருக்க வேண்டுமா, அவனும் சாமர்த்தியக்காரனாக, சுயநலக்காரனாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ரசிப்பவர்களும் உண்டு.

குணமானால்தான் கல்யாணமா?

சுபத்தை மருத்துவரிடம் ஒப்படைத்துவிடுவது பழைய வழக்கம். ஷார்லட் ப்ராண்டேயின் ‘ஜேன் அயர்’ (1847) நாவலில் ராச்செஸ்டர் தீவிபத்தில் பார்வையையும் ஒரு கையையும் இழக்கிறார். ஜேன் திரும்பி வந்து அவரை மணக்கிறாள். இரண்டு வருடத்தில் ஒரு கண்ணுக்குப் பார்வை ஓரளவு திரும்பி, பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார். இந்தச் சலுகை தேவைதானா என்று இன்றைய வாசகர்கள் கேட்கிறார்கள். மாடியில் அடைத்து வைக்கப்பட்ட மனநோயாளி மனைவி பெர்த்தா இறந்தால்தான் அந்தக் கல்யாணமே நடக்கும் என்பது அதைவிடப் பெரிய உறுத்தல். அந்த உறுத்தலிலிருந்து பிறந்ததுதான் பெர்த்தாவின் கதையைச் சொல்லும் ஜீன் ரைஸின் ‘வைட் சர்காஸோ ஸீ’ (1966).

அந்தக் காலத்திலேயே எதிர்த்திசையில் போனவரும் உண்டு. வில்கி காலின்ஸின் ‘புவர் மிஸ் ஃபின்ச்’ (1872) நாயகி லூசிலாவுக்குச் சிறுவயது முதல் பார்வை இல்லை. கருநிறம் என்றாலே அவளுக்கு அருவருப்பு. அவள் காதலன் ஆஸ்கார் வலிப்பு நோய்க்கு வெள்ளி நைட்ரேட் மருந்து சாப்பிட்டு உடம்பெல்லாம் கருநீலமாகிவிடுகிறான். அந்த மருந்தின் பக்கவிளைவு அன்று மருத்துவர்கள் அறிந்ததே. ஜெர்மன் மருத்துவர் ஒருவர் அறுவை சிகிச்சை செய்து லூசிலாவுக்குப் பார்வை தருகிறார். பார்வை வந்ததும் குழப்பமும் ஏமாற்றும் சேர்ந்து வருகின்றன. மறுபடி பார்வை போனபிறகுதான் அவளுக்கு நிம்மதி, கல்யாணமும் அப்போதுதான். பார்வையின்மையை உருகி உருகி எழுதாமல் உள்ளபடி காட்ட வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று காலின்ஸ் முகவுரையில் சொல்லியிருக்கிறார்.

கின்சேல் நடுவழியில் போகிறார். கிறிஸ்டியன் தேறுகிறான், முழுசாக அல்ல. பதற்றம் வந்தால் சொற்கள் கைவிட்டுவிடும். கடைசியில் குவேக்கர் சபைக்குள் நுழைந்து, எல்லோர் முன்னாலும் துண்டு துண்டான சொற்களில் தன் மனைவிக்காகப் பேசுகிறான். பிடித்த காட்சி எது என்று கேட்டால் பலர் கைகாட்டுவது அந்தத் தடுமாறும் பேச்சைத்தான்.

முடிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சரித்திரக் கதை அல்லாத ஓர் உதாரணம் போதும். ஜோஜோ மோயஸின் ‘மீ பிஃபோர் யூ’ (2012) நாவலில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த நாயகன், காதலி இருந்தும் சாவைத் தேர்ந்தெடுக்கிறான். 2016ல் அதன் திரைப்படம் லண்டனில் திரையிடப்பட்டபோது மாற்றுத்திறனாளிகள் வாசலில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்களைப் போல வாழ்வதைவிடச் சாவது மேல் என்கிறதா உங்கள் காதல் கதை என்பதே அவர்கள் கேள்வி.

கைப்பிடிக் கம்பியும் நாயும்

கனடாவில் வாழும் மேரி பாலோவின் ‘சர்வைவர்ஸ் கிளப்’ வரிசை 2012 முதல் 2016 வரை ஏழு நாவல்களாக வந்தது. நெப்போலியன் போர்களில் உடம்பாலோ மனதாலோ சிதைந்த ஆறு ஆண்களும் ஒரு பெண்ணும் கார்ன்வாலில் ஒரு டியூக்கின் மாளிகையில் தேறி, ஆண்டுதோறும் அங்கே கூடுவார்கள். இரண்டாம் நாவலான ‘தி அரேஞ்ச்மென்ட்’ (2013) வின்சென்ட் என்ற இளம் பிரபுவின் கதை. பதினேழு வயதில், முதல் சண்டையிலேயே, பீரங்கி அவன் பார்வையைப் பறித்துவிட்டது.

அவனுக்கு எதிரிகள் யாரும் இல்லை. அம்மா, பாட்டி, அக்காமார்களின் பாசம்தான் தொல்லை. எழுந்தால் கைத்தாங்கல், நடந்தால் துணை. போதாக்குறைக்குப் பெண் பார்ப்பது வேறு. பொறுக்கமாட்டாமல் அவன் வீட்டை விட்டே ஓடுகிறான். சோஃபியா என்ற அநாதைப் பெண்ணை மணக்கிறான். அவள் இரக்கப்பட்டுக் கண்ணீர் விடுவதில்லை; வழி யோசிக்கிறாள். ஏரிவரை தனியாக நடந்துபோகக் கைப்பிடி போட்ட பாதை, கூட்டிப்போகப் பழக்கிய நாய் என்று ஒவ்வொன்றாக வருகிறது. நாய் விஷயம் நம்பும்படி இல்லையே என்று தோன்றலாம். பார்வையற்றோருக்கு வழிகாட்ட நாயைப் பழக்கும் முறையை வியன்னாவில் யோஹான் வில்ஹெல்ம் க்ளைன் 1819லேயே தன் நூலில் எழுதிவிட்டார்.

கடைசிவரை வின்சென்டுக்குப் பார்வை வருவதில்லை. வாசகர்களிடம் இந்த நாவலுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி இதற்காகத்தான். ஆட்சேபம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது: பிரபுவுக்குக் கம்பி போட்டுத்தர ஆள் இருக்கிறது, கூலிக்காரச் சிப்பாய்க்கு?

சரித்திரமும் அதைத்தான் காட்டுகிறது. வாட்டர்லூ போரில் (1815) காலை இழந்த ஆங்கில்ஸி பிரபுவுக்கு ஜேம்ஸ் பாட்ஸ் என்ற கைவினைஞர் முழங்காலும் கணுக்காலும் மடங்கும் செயற்கைக் கால் செய்து கொடுத்தார். முழங்காலை மடக்கினால் உள்ளே இருக்கும் நரம்புக்கயிறு முன்பாதத்தைத் தூக்கிவிடும். ஆங்கில்ஸி அதற்கப்புறம் இரண்டு முறை அயர்லாந்தின் ஆளுநராக இருந்தார், 1854வரை வாழ்ந்தார். அதே களத்தில் கால் போன சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது மரக்கட்டை. காதல் நாவல்கள் பிரபுக்களைச் சுற்றியே ஓடுவதால், உடல் குறைபாட்டின் செலவுக் கணக்கு அவற்றில் பெரும்பாலும் வருவதில்லை.

கண்ணைப் பார்த்தால் வெற்றியா?

ஜெனிஃபர் ஆஷ்லியின் ‘தி மேட்னஸ் ஆஃப் லார்ட் இயன் மெக்கன்ஸி’ (2009) 1881ல் நடக்கிறது. நாயகன் இயன் சீனத்து மிங் கிண்ணங்களைச் சேகரிப்பவன். அடுத்தவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான். ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே வாசிப்பான். சிறுவயதில் அவனையும் மனநோய் விடுதியில் போட்டுவிட்டார்கள். ஆட்டிசம் பற்றி லியோ கானர் எழுதியது 1943ல், ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியது 1944ல். ஆகவே 1881ல் அவன் நிலைக்குப் பெயரே கிடையாது. ஊர் வைத்த பெயர் ‘பைத்தியம்’.

நாயகி பெத் அவனை மாற்றப் பார்ப்பதில்லை என்பதால் இந்த நாவலைக் கொண்டாடுகிறவர்கள் ஏராளம். அதே நாவலிடம் இரண்டு குறைகளும் சொல்லப்படுகின்றன. ஆட்டிசம் என்றால் அபார நினைவாற்றல் இருந்தே தீர வேண்டும் என்ற சினிமாத்தனம் ஒன்று. காதல் முற்ற முற்ற அவன் அவள் கண்ணைப் பார்க்கப் பழகுவதை வெற்றியாகக் காட்டுவது மற்றொன்று. பார்க்காமலே காதலித்தால் ஆகாதா என்று கேட்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இப்படி இருந்தார்களா?

2024ல் வந்த ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் மூன்றாம் பருவத்தில் காது கேளாத பிரபுக் குலப் பெண் ஒருத்தி சைகை மொழியில் பேசுகிறாள். சக்கர நாற்காலியில் ஒரு பிரபு விருந்துக்கு வருகிறார். தொடருக்கு மூலமான நாவல்களில் முதலாவதான, ஜூலியா க்வின்னின் ‘தி டியூக் அண்ட் ஐ’ (2000) நாயகன் சைமனுக்குச் சிறுவயதில் திக்குவாய். அதனாலேயே அப்பா அவனை ஒதுக்கினார். இதெல்லாம் இன்றைய நாகரிகத்துக்காகச் சேர்த்தது, அந்தக் காலத்தில் ஏது இதெல்லாம் என்பது அடிக்கடி கேட்கும் முணுமுணுப்பு.

சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. எடின்பரோவில் தாமஸ் ப்ரெய்ட்வுட் காது கேளாதோர் பள்ளியை 1760ல் தொடங்கினார். லண்டனில் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளி 1792ல் வந்தது. ஸ்காட்லாந்தின் ஸீஃபோர்த் பிரபு ஃப்ரான்ஸிஸ் மெக்கன்ஸி சிறுவயதில் காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர். அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1793ல் ஒரு படைப்பிரிவையே திரட்டினார், பார்படோஸ் தீவின் ஆளுநராகவும் இருந்தார், கல்யாணம் செய்து பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தார். இப்படி ஒரு நாயகனை இன்று யாராவது கற்பனையாக எழுதினால் நம்ப முடியவில்லை என்று வாசகர்கள் ஒதுக்கிவிடக்கூடும்.

நியாயமான குறை வேறொன்று. நாயகனுக்குத் தழும்பும் நொண்டலும் வீரத்தின் அடையாளம் ஆகிவிடுகின்றன; நாயகிக்கு அந்தச் சலுகை அரிது. முன்னோடிகள் இல்லாமல் இல்லை. முதுகு கூனிய பெண்ணை நாயகியாக்கி டைனா க்ரெய்க் ‘ஆலிவ்’ நாவலை எழுதியது 1850ல். ஜார்ஜெட் ஹேயரின் ‘தி கன்வீனியன்ட் மேரேஜ்’ (1934) நாயகி ஹொரேஷியா திக்கித் திக்கியே பேசி, தன் கல்யாணத்தைத் தானே பேசி முடிக்கிறாள். மேரி பாலோவின் ‘சைலன்ட் மெலடி’ (1997) நாயகிக்குக் காது கேட்காது. இருந்தும், போரில் காயம்பட்ட பிரபுக்களின் கூட்டத்தில் இவர்கள் சிறுபான்மைதான்.

நம் ஊமை ராணி

இந்தக் கேள்விகளைத் தமிழ் வாசகர் தூரத்துச் சமாசாரமாக நினைக்க வேண்டியதில்லை. 1950 முதல் 1954வரை ‘கல்கி’ இதழில் எழுத்தாளர் கல்கி வாரா வாரம் எழுதிய ‘பொன்னியின் செல்வ’னின் முடிச்சே வாய் பேசாத, காது கேளாத மந்தாகினியிடம்தான் இருக்கிறது. கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய சுந்தர சோழரின் முதல் காதல் அவள். கதை நடக்கும்போது அந்தச் சக்கரவர்த்தி கால் செயலிழந்து தஞ்சை அரண்மனையில் படுத்திருக்கிறார். சேந்தன் அமுதனை வளர்த்த வாணியம்மைக்கும் பேச்சில்லை. 2022லும் 2023லும் வந்த மணிரத்னத்தின் படங்களில் நந்தினியாகவும் மந்தாகினியாகவும் ஐஸ்வர்யா ராய் நடித்தபிறகு, நாவலைப் படிக்காதவர்களும் ஊமை ராணி எனப்படும் மந்தாகினியை அறிவார்கள்.

மேலே சொன்ன அளவுகோல்களை இங்கே வைத்துப் பார்க்கலாம். கல்கி அவளைக் குணப்படுத்தவில்லை. அந்த வகையில் ‘ஜேன் அயர்’ காட்டிய வழியில் அவர் போகவில்லை. அவளுக்குப் பேச்சு இல்லையே தவிர, மொழி உண்டு. ஈழத்தில் சுவரில் தீட்டிய சித்திரங்களால் தன் வாழ்க்கைக் கதையை இளவரசர் அருள்மொழிவர்மருக்குச் சொல்கிறாள். பூங்குழலி என்ற பெண் தன் அத்தையான அவளோடு சைகையிலேயே பேசுகிறாள். இளவரசருக்கு ஆபத்து என்று முதலில் உணர்வதும், வந்து காப்பதும் அவள்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. அவள் வாய் திறந்து சொல்ல முடிந்திருந்தால் பாதிக் கதைக்கு வேலையே இல்லை. ரகசியத்தைப் பூட்டி வைக்க அவளுடைய மௌனம் கதாசிரியருக்கு வசதியாகிவிடுகிறது. கடைசியில் சுந்தர சோழர்மேல் குறிவைத்து எறிந்த ஆயுதத்தைத் தான் வாங்கிக்கொண்டு உயிரை விடுகிறாள். நாவலின் மிக உயர்ந்த காதல் அவளுடையதுதான் என்று உருகும் வாசகருக்கு அந்தச் சாவு மகுடம். ‘புவர் மிஸ் ஃபின்ச்’சையும் வின்சென்டையும் படித்துவிட்டு வருகிறவர் வேறு கணக்குப் போடுவார்: இளவரசரை நேசிக்கும் வானதிக்குக் கல்யாணம் உண்டு, பூங்குழலிக்கு உண்டு, படுத்த படுக்கையாக இருந்த சக்கரவர்த்திக்குப் பக்கத்திலேயே மகாராணி உண்டு. அத்தனை பேரையும் ஏதோ ஒரு கரையில் ஏற்றிவிட்ட கல்கி, மந்தாகினியை மட்டும் ஏன் உயிரோடு அவள் உறவுகள் இருக்கும் கோடிக்கரைக்கு அனுப்பி வைக்கவில்லை?